எல்லா சர்வீஸும் சரியாதான் வேலை செய்யுது, அப்புறம் ஏன் மோதிக்குது? ஸ்மார்ட் சிட்டி பத்தி ஒரு எளிய விளக்கம்

ஒரு பெரிய நாலு ரோடு சந்திப்பை மனசுல வச்சுக்கோங்க. வடக்குல இருந்து ஒரு ஆம்புலன்ஸ் வருது, அதுல இருக்கற கருவி சிக்னல் கிட்ட பச்சை கேக்குது. அதே நிமிஷம் கிழக்குல இருந்து வர்ற பஸ் லேட், பஸ்ஸுங்களை நேரத்துக்கு கொண்டு சேக்கறதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கே, அது கிழக்கு பக்கத்து பச்சையை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டச் சொல்லுது. நடந்து போற ஒருத்தர் ரோட்டை கடக்க பட்டனை அமுக்கிட்டு நிக்கறார். இது போதாதுன்னு காத்து மாசை அளக்கற இன்னொரு சர்வீஸ், பக்கத்துல ஸ்கூல் இருக்கு, அங்க புகை ஏறிடுச்சு, நிக்கற வண்டிகளை மேற்கு பக்கமா சீக்கிரம் வெளிய அனுப்புங்கன்னு சொல்லுது. நாலு பேர் கேக்கறதும் நியாயம்தான், ஆனா சிக்னல் ஒன்னுதான் இருக்கு.

இங்க யார் பேச்சை கேக்கறது, அதை யாரு எப்போ முடிவு பண்றதுங்கறதுதான் இந்த கட்டுரையோட விஷயம். ஸ்மார்ட் சிட்டின்னு ஆரம்பிச்சாலே சென்சார், கேமரா, ஆப் இதைப் பத்திதான் பேச்சு ஓடுது, இதெல்லாம் ஒன்னோட ஒன்னு மோதினா என்ன ஆகும்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. ஆனா உயிர் போற அளவுக்கு ஆபத்து ஒளிஞ்சிருக்கறது அங்கதான்.

முதல்ல அடிப்படையை பாத்துடலாம். நகரத்துல ஓடற எந்த ஆட்டோமேட்டிக் சர்வீஸா இருந்தாலும் அது மூணு வேலை செய்யுது. சென்சார் வழியா நிலவரத்தை பாக்குது, உள்ள இருக்கற லாஜிக்கை வச்சு ஒரு முடிவு எடுக்குது, அப்புறம் வெளி உலகத்துல எதையாவது மாத்துது. அந்த மாத்தற கருவி சிக்னல் லைட்டா இருக்கலாம், தெருவிளக்கா இருக்கலாம், வெள்ளத்தண்ணி மதகு, பம்ப், அறிவிப்பு பலகை, நம்ம போன்ல வர்ற எச்சரிக்கை எதுவா வேணும்னாலும் இருக்கலாம். இஞ்சினியருங்க இதை ஆக்சுவேட்டர்னு சொல்வாங்க. போக்குவரத்து சர்வீஸை ஒரு கம்பெனி எழுதியிருக்கும், விளக்கு சர்வீஸை இன்னொரு கம்பெனி, வெள்ளத்துக்கு வேற ஒரு துறை. ஒவ்வொன்னையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணி, தனித்தனியா பாஸ் ஆகி, ஒரே நகரத்துக்குள்ள ஒன்னா ஓட விடறாங்க. சேத்து வச்சு யாரும் டெஸ்ட் பண்ணலை.

அதனால ஒரு விஷயத்தை ஆரம்பத்துலயே தெளிவா புரிஞ்சுக்கணும். மோதல் நடந்தா எந்த சர்வீஸ்லயும் பக் இருக்கணும்னு அவசியமே இல்ல. ரெண்டு சர்வீஸோட ப்ரோக்ராமையும் வரி வரியா படிச்சாலும் தப்பு கண்ணுல படாது, ஏன்னா தப்பு ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, அந்த நடுப்பகுதியை யாருமே எழுதலை.

மோதல்ல ரொம்ப சுலபமான வகை, ஒரே கருவிக்கு ரெண்டு எதிரெதிர் உத்தரவு வர்றது. கரண்ட்டை மிச்சப்படுத்தற சர்வீஸ் ராத்திரி ஒரு மணிக்கு தெருவிளக்கை மங்கலாக்குது, அதே தெருவுல விபத்து நடந்திருக்குன்னு அவசர சர்வீஸ் விளக்கை முழு வெளிச்சத்துக்கு ஏத்துது, முதல் சர்வீஸ் திரும்ப வந்து பாத்துட்டு ஐயோ இது ஏன் இவ்வளவு பிரகாசமா இருக்குன்னு மறுபடி மங்கலாக்குது, இப்படியே விளக்கு ஏறி இறங்கிட்டே இருக்கும். கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. ஒரே விளக்குக்கு ரெண்டு பக்கம் இருந்து ஆர்டர் வருதான்னு பாத்தாலே போதும்.

அடுத்த வகைதான் தலைவலி. ரெண்டு சர்வீஸும் வேற வேற கருவியைத்தான் தொடுது, ஆனா விளைவு ஒரே இடத்துல போய் சேருது. மேட்டுப் பகுதியில தெருவுல தண்ணி நிக்குதேன்னு ஒரு சர்வீஸ் பம்ப்பை போட்டு கால்வாய்க்கு அனுப்புது, கீழ இருக்கற பகுதியில இன்னொரு சர்வீஸ் அதே நேரத்துல மதகை மூடி கால்வாய்ல தண்ணியை தேக்கிட்டு இருக்கு. பம்ப் வேற, மதகு வேற, உத்தரவுகளை மட்டும் பாத்தா எந்த மோதலும் தெரியாது, தண்ணிக்குத்தான் தெரியும். ரோட்டுல இது இன்னும் சகஜம். வழிகாட்டற ஆப்புகள் ஒவ்வொரு டிரைவருக்கும் குறைஞ்ச நேரத்துல போற வழியை காட்டுது, அந்த வழி சின்ன குடியிருப்பு தெரு வழியா போகுது, அந்த தெரு அமைதியா இருக்கணும்னு நகரம் போட்ட திட்டம் அப்படியே உடைஞ்சு போகுது. அமெரிக்காவுல நியூ ஜெர்சில லியோனியாங்கற சின்ன ஊர் 2018 ஜனவரில இந்த தொல்லை தாங்காம, நெரிசல் நேரத்துல உள்ளூர்க்காரங்களைத் தவிர வேற யாரும் சின்ன தெருக்கள்ல நுழையக்கூடாதுன்னு தடையே போட்டுச்சு. ஆப் தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுது. தெருவும் அது எதுக்காக போட்டதோ அப்படியேதான் இருந்துச்சு.

மூணாவது வகையில கருவியே கிடையாது, அந்த இடத்துல மனுஷங்க இருக்காங்க. வெள்ள எச்சரிக்கை சர்வீஸ் மாடிக்கு ஏறுங்கன்னு மெசேஜ் அனுப்புது, தீ எச்சரிக்கை சர்வீஸ் கட்டடத்தை விட்டு கீழ இறங்குங்கன்னு அனுப்புது. ரெண்டும் ஒரே நிமிஷத்துல ஒரே ஆளோட போனுக்கு வந்தா அவர் என்ன செய்வார்?

இது வெறும் கற்பனை இல்லைன்னு காட்ட வானத்துல நடந்த ஒரு சம்பவத்தை சொல்லியே ஆகணும். 2002 ஜூலை 1 ராத்திரி, ஜெர்மனில யூபர்லிங்கன் ஊருக்கு மேல ஒரு பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் ஒன்னுக்கொன்னு குறுக்க ஒரே உயரத்துல வந்துச்சு. ரெண்டுலயும் டிகாஸ்னு ஒரு தானியங்கி கருவி இருந்துச்சு, பக்கத்துல வேற விமானம் வந்தா ரெண்டு கருவியும் தங்களுக்குள்ள பேசி நீ மேல ஏறு நான் கீழ இறங்கறேன்னு பிரிச்சுக்கும். அன்னிக்கும் சரியா பிரிச்சுது, பயணிகள் விமானத்தை ஏறச் சொல்லுச்சு, சரக்கு விமானத்தை இறங்கச் சொல்லுச்சு. ஆனா தரையில இருந்து விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோலர் பயணிகள் விமானத்தை இறங்கச் சொன்னார், கருவி என்ன சொல்லுச்சுன்னு அவருக்கு தெரிய வழியே இல்ல. பயணிகள் விமானம் கன்ட்ரோலர் பேச்சை கேட்டுச்சு, சரக்கு விமானம் கருவி பேச்சை கேட்டுச்சு, ரெண்டும் இறங்குச்சு, மோதிடுச்சு. 71 பேர் செத்துப் போனாங்க, அதுல பெரும்பாலும் குழந்தைங்க. கருவியும் மனுஷனும் வேற வேற சொன்னா யார் பேச்சை கேக்கணும்ங்கறது அதுவரைக்கும் எல்லா நாட்டு விமானிகளுக்கும் ஒரே மாதிரி தெளிவா இல்ல. அதுக்கப்புறம்தான் சர்வதேச விதியில டிகாஸ் சொல்றதைத்தான் கேக்கணும், கன்ட்ரோலர் மாத்தி சொன்னாலும் சரின்னு அழுத்தமா எழுதினாங்க. ஒரே ஒரு வரி விதி. அது முன்னாடியே எல்லார் மனசுலயும் பதிஞ்சிருந்தா அந்த ராத்திரி வேற மாதிரி போயிருக்கலாம்.

எதிரெதிரா இழுக்காம ஒன்னை ஒன்னு தூக்கி விடற மோதலும் இருக்கு. 2011-ல அமேசான்ல ஈயைப் பத்தின ஒரு உயிரியல் புத்தகத்தை ரெண்டு பேர் வித்துட்டு இருந்தாங்க. ஒருத்தரோட சாஃப்ட்வேர் போட்டிக்காரர் விலையில 0.998 மடங்கு வைக்கும், அதாவது கொஞ்சமா கம்மி. இன்னொருத்தர் சாஃப்ட்வேர் போட்டிக்காரர் விலையில 1.27 மடங்கு வைக்கும். ரெண்டும் மாறி மாறி ஒன்னை ஒன்னு பாத்து விலை வச்சுதா, ஒவ்வொரு சுத்துக்கும் சுமார் 27 சதவீதம் ஏறிக்கிட்டே போய் கடைசில புத்தகத்தோட விலை 2 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. யாரும் வாங்கலை, சேதமில்லாம முடிஞ்சுது. இதே சுழற்சி தண்ணி அழுத்தத்துலயோ மின்சார லோடுலயோ வந்தா சேதமில்லாம முடியாது.

சரி, எல்லா ஜோடியையும் முன்கூட்டியே உக்காந்து பாத்துட்டா என்னன்னு தோணும். கணக்கு போட்டு பாருங்க. 10 சர்வீஸ் இருந்தா 45 ஜோடி, பாத்துடலாம். 100 சர்வீஸ்னா 4,950 ஜோடி. மூணு மூணா சேந்தா மட்டும் வர்ற மோதலையும் பாக்கணும்னா 1,61,700 கூட்டணி, அதுலயும் ஒவ்வொன்னும் மழை நேரத்துல எப்படி, திருவிழா கூட்டத்துல எப்படின்னு சூழ்நிலைக்கு சூழ்நிலை மாறும். டெலிபோன் கம்பெனிகள் இந்த சுவத்துல 1980-கள்லயே முட்டிக்கிட்டாங்க. லைன் பிஸியா இருந்தா டொக் டொக்னு சத்தம் கொடுத்து இன்னொரு கால் காத்திருக்குன்னு சொல்ற வசதி ஒன்னு, லைன் பிஸியா இருந்தா வேற நம்பருக்கு திருப்பி விடற வசதி இன்னொன்னு. ஒரே ஆள் ரெண்டையும் வாங்கிட்டார், லைன் பிஸியா இருக்கும்போது கால் வந்தா என்ன செய்யணும்? வசதிகள் இப்படி ஒன்னோட ஒன்னு மோதறதுக்கு ஃபீச்சர் இன்டராக்ஷன்னு அவங்க வச்ச பேர்ல இன்னிக்கு வரைக்கும் ஆராய்ச்சி நடக்குது, ஸ்மார்ட் சிட்டி ஆட்கள் படிக்கற பாதி பாடம் அங்க இருந்து வந்ததுதான்.

இனி தீர்வு பக்கம் வருவோம். இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது ஒன்னு இருக்கு: எந்த சர்வீஸும் கருவிக்கு நேரா உத்தரவு போடக்கூடாது, கோரிக்கைதான் வைக்கணும். கருவியை தொடற உரிமை ஒரே ஒரு கன்ட்ரோலருக்குத்தான் (இங்க இது ஆள் இல்ல, கருவியை இயக்கற அமைப்பு) இருக்கணும், மத்தவங்க எல்லாம் அதுகிட்ட கேக்கணும், எதுக்கு கேக்கறோம், எவ்வளவு நேரத்துக்கு வேணும், கிடைக்கலைன்னா என்ன நஷ்டம்னு சொல்லணும், முடிவு கன்ட்ரோலரோடது. இது புதுசா கண்டுபிடிச்ச யோசனை கூட இல்ல. ஆம்புலன்ஸுக்கு வழி விடற சிக்னல்கள்ல ஆம்புலன்ஸ் லைட்டை மாத்தறதே இல்ல, கேக்க மட்டும்தான் செய்யுது. ரோட்டோரத்துல இருக்கற பெட்டிதான் ஓடிட்டு இருக்கற பச்சையை முடிச்சு, மஞ்சள் போட்டு, நாலு பக்கமும் கொஞ்ச நேரம் சிவப்பு வச்சு, அப்புறம் ஆம்புலன்ஸ் பக்கம் பச்சை கொடுக்குது. ஆம்புலன்ஸே நேரா பச்சை போட்டுக்கலாம்னு விட்டா ரெண்டு ஆம்புலன்ஸ் ரெண்டு பக்கம் இருந்து வர்ற அன்னிக்கு அதுங்களே மோதிக்கும்.

அந்த பெட்டிக்குள்ள இன்னொரு பாதுகாப்பும் இருக்கு, அதைப் பத்தி படிக்கறப்பல்லாம் எனக்கு மரியாதை வரும். கான்ஃப்ளிக்ட் மானிட்டர்னு ஒரு தனி எலக்ட்ரானிக் யூனிட். கன்ட்ரோலர் என்ன நினைக்குதுங்கறதை இது கண்டுக்காது, பல்புக்கு நிஜமா கரண்ட் போகுதான்னு மட்டும் பாக்கும். குறுக்க குறுக்க ரெண்டு பக்கமும் பச்சை எரிஞ்சா அரை நொடிக்குள்ள மொத்த சிக்னலையும் பிடுங்கி சிவப்பு மினுக்கறதுக்கு தள்ளிடும். புத்திசாலித்தனம் எதுவும் கிடையாது, ஒரே ஒரு வேலை. ரயில்வேல இது இன்னும் பழசு. தண்டவாளம் பிரியற இடமும் கைகாட்டியும் ஒன்னோட ஒன்னு பொருந்தாம நிக்கவே முடியாதபடி ரெண்டையும் இயந்திரத்தாலயே பூட்டற முறைக்கு ஜான் சாக்ஸ்பி 1856-ல இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கினார், இன்டர்லாக்கிங்னு பேரு. லீவரை தப்பா இழுக்கணும்னு நினைச்சாலும் இழுக்க வராது. அதனால எந்த மோதல் உயிரை எடுக்குமோ அதை ஆராய்ஞ்சு தீர்த்துக்கலாம்னு விடாம, நடக்கவே முடியாதபடி அடியிலயே பூட்டிடணும், மேல ஓடற சாஃப்ட்வேர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்தாலும் அந்த பூட்டை திறக்கற சாவி அதுகிட்ட இருக்கக்கூடாது.

பூட்ட முடியாத மோதல்களுக்கு ப்ரையாரிட்டி, அதாவது வரிசை. யாருக்கு முதல் இடம், யாருக்கு ரெண்டாவது இடம்னு முன்னாடியே எழுதி வைக்கறது. அமெரிக்க போக்குவரத்து சிக்னல் கையேட்டுல இப்படி ஒரு வரிசை இருக்கு: முதல்ல ரயில், அப்புறம் தூக்கு பாலத்துக்கு அடியில போற படகு, அப்புறம் ஃபயர் என்ஜினும் ஆம்புலன்ஸும், அதுக்கப்புறம் போலீஸ் வண்டி, கடைசிலதான் டிராமும் பஸ்ஸும். ஆம்புலன்ஸை விட படகுக்கு முன்னிடம்னு பாத்தா முதல்ல விசித்திரமா இருக்கும். யோசிச்சா புரியும், யார் பெரிய ஆள்னு பாத்து போட்ட வரிசை மாதிரி இது தெரியலை, யாரால நிக்க முடியாதுன்னு பாத்து போட்ட மாதிரிதான் தெரியுது. ரயிலுக்கு பிரேக் போட்டா நிக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல கூட ஆகும், ஆம்புலன்ஸ் நின்னுட்டு போகலாம். நகரத்துக்கு வரிசை எழுதறவங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது: யாரால காத்திருக்கவே முடியாது?

வரிசை மட்டும் இருந்தா போதுமா, போதாது. 1995 அக்டோபர் 25 அன்னிக்கு அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ஃபாக்ஸ் ரிவர் க்ரோவ்ங்கற ஊர்ல ஒரு ஸ்கூல் பஸ் தண்டவாளத்தை தாண்டி சிவப்பு சிக்னல்ல நின்னுச்சு. முன்னாடி இடம் பத்தலை, பஸ்ஸோட பின்பகுதி தண்டவாளத்து மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ரயில் வந்தா சிக்னலுக்கு தகவல் போய் தண்டவாளத்து பக்கம் நிக்கற வண்டிகளுக்கு பச்சை விழணும், அந்த இணைப்பு இருந்துச்சு, ரயிலுக்கு முதல் இடம்ங்கற விதியும் இருந்துச்சு. ஆனா ரயில்வே கொடுக்கற எச்சரிக்கை நேரமும், ஓடிட்டு இருக்கற சுத்தை முடிச்சுட்டு பச்சை கொடுக்க சிக்னலுக்கு பிடிக்கற நேரமும் பொருந்தி வரலை. பஸ்ஸுக்கு பச்சை விழறப்ப ரயில் வந்து சேர சில நொடிதான் பாக்கி இருந்துச்சு. ஏழு மாணவர்கள் இறந்தாங்க. விசாரணையில சுட்டிக்காட்டின காரணங்கள்ல ஒன்னு, ரெண்டு அமைப்பும் எப்படி சேந்து வேலை செய்யுதுன்னு சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் புரியற மாதிரி தகவல் பரிமாற்றம் இல்லாம போனது. ரயில்வேக்கு ரயில்வே கணக்கு தெரியும், சாலைத்துறைக்கு சிக்னல் கணக்கு தெரியும், ரெண்டையும் கூட்டிப் பாக்க வேண்டிய இடம் காலியா கிடந்துச்சு. இதை படிச்சப்புறம்தான் எனக்கு ஒன்னு உறைச்சுது, யார் ஜெயிக்கணும்னு எழுதறதோட வேலை முடியலை, ஜெயிக்க எவ்வளவு நேரம் ஆகும்னும் எழுதணும்.

வரிசையில இன்னொரு ஓட்டையும் உண்டு. முதல் இடத்துல இருக்கறவன் கடைசி இடத்துல இருக்கறவனுக்காக காத்துக் கிடக்கற நிலைமை. 1997-ல செவ்வாய்ல இறங்கின பாத்ஃபைண்டர் விண்கலத்துல இது நடந்துச்சு. வானிலை தரவு சேக்கற சின்ன வேலை ஒன்னு ஒரு பொது பூட்டை (ஒரு நேரத்துல ஒரு வேலைதான் வச்சுக்க முடியற அனுமதி) பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நடுத்தர முக்கியத்துவம் உள்ள வேற ஒரு வேலை அந்த சின்ன வேலையை ஓட விடாம இடையில புகுந்துச்சு, பூட்டுக்காக காத்திருந்த ரொம்ப முக்கியமான வேலை அப்படியே நின்னு போச்சு, கம்ப்யூட்டர் திரும்ப திரும்ப ரீஸ்டார்ட் ஆச்சு. பூட்டை வச்சிருக்கறவனுக்கு, அவனுக்காக காத்திருக்கறவனோட முக்கியத்துவத்தை தற்காலிகமா கொடுத்துடற மாதிரி பூமியில இருந்தே மாத்தி சரி பண்ணாங்க. நகரத்துல இதுக்கு இணையா யோசிச்சா, ரோடு பழுது பாக்கற சர்வீஸ் ஒரு லேனை மூடி வச்சிருக்கு, அந்த லேன் ஃபயர் என்ஜினுக்கு வேணும், அப்போ பழுது வேலையை சீக்கிரம் முடிச்சு விலகற வேலைக்கே ஃபயர் என்ஜின் அளவுக்கு முக்கியத்துவம் வந்துடணும்.

எப்பவும் தோத்துக்கிட்டே இருக்கறவங்களையும் மறக்கக்கூடாது. நடந்து போறவங்க பட்டன் வரிசையில கடைசின்னு வச்சுட்டா நெரிசல் நேரம் முழுக்க அவங்களுக்கு பச்சையே வராது. அதனால காத்திருக்கற நேரம் ஏற ஏற முக்கியத்துவமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்.

பல மோதல்ல யாராவது ஒருத்தர் முழுசா தோக்கணும்னு அவசியமும் இல்ல. விளக்கை 30 சதவீதமாவும் 100 சதவீதமாவும் கேக்கறாங்கன்னா, விபத்து நடந்த கம்பத்தை சுத்தி மட்டும் 100, மத்த இடத்துல 30. பம்ப் பத்து நிமிஷம் தள்ளி ஓடினா மதகு அதுக்குள்ள திறந்துடும். இடத்தை பிரிக்கறது, நேரத்தை தள்ளறது, அளவை குறைக்கறதுன்னு வழி இருக்கறப்ப நேரா வெட்டு குத்துன்னு போக வேண்டாம். ஆனா இதை செய்யணும்னா கோரிக்கையில கொஞ்சம் இடம் இருக்கணும், "எனக்கு 100 வேணும், 80 இருந்தாலும் சமாளிப்பேன், 60-க்கு கீழ போனா பிரயோஜனமில்ல"ன்னு சர்வீஸ் சொல்லத் தெரிஞ்சிருக்கணும். வெறும் ஆன், ஆஃப் மட்டும் பேசற சர்வீஸோட பேரம் பேச முடியாது.

அப்புறம் பெரும்பாலான டிசைன்கள்ல விட்டுப்போற ஒன்னு, தோத்த சர்வீஸுக்கு அது தோத்துப்போன விஷயம் தெரியணும். பஸ் சர்வீஸ் பச்சையை நீட்டச் சொல்லி கேட்டுச்சு, கன்ட்ரோலர் ஆம்புலன்ஸுக்காக அதை தள்ளிடுச்சு, ஆனா பஸ் சர்வீஸ்கிட்ட சொல்லலைன்னா அது பச்சை கிடைச்சதா நினைச்சு அடுத்த ஸ்டாப்ல இருக்கற பலகையில பஸ் ரெண்டு நிமிஷத்துல வரும்னு போடும். இல்லைன்னா ஏன் மாறலைன்னு ஒவ்வொரு நொடியும் திரும்ப திரும்ப கேட்டு நெட்வொர்க்கையே அடைக்கும். மறுத்தாச்சு, காரணம் இது, இவ்வளவு நேரம் கழிச்சு கேளுன்னு பதில் போகணும். அதே மாதிரி ஜெயிச்சவங்களுக்கும் கால வரம்பு வேணும். பச்சை 40 நொடிக்குத்தான், அதுக்கு மேல வேணும்னா புதுசா கேளு. இல்லாட்டி ஒரு சர்வீஸ் பாதியில செத்துப்போனா அது பிடிச்ச கருவி அப்படியே உறைஞ்சு நிக்கும். மாத்தினதை உடனே திருப்பி மாத்த முடியாதபடி குறைஞ்சபட்ச நேரம் ஒன்னு வச்சுட்டா விளக்கு ஏறி இறங்கற அந்த ஆட்டமும் நின்னுடும்.

விளைவுல மோதறதை எப்படி கண்டுபிடிக்கறது? இங்கதான் சிமுலேஷன் வருது, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே நகரத்தை ஓட்டிப் பாக்கறது. ஜான் ஸ்டான்கோவிச், மெய்யி மா ரெண்டு பேரும் விர்ஜினியா பல்கலைக்கழகத்துல சக ஆராய்ச்சியாளர்களோட 2017-ல சிட்டிகார்ட்னு ஒரு அமைப்பை வெளியிட்டாங்க. சர்வீஸ்கள் கேக்கற மாற்றங்களை உடனே செஞ்சுடாம நடுவுல பிடிச்சு, இதை செஞ்சா நகரம் எப்படி மாறும்னு சிமுலேஷன்ல ஓட்டிப் பாத்து, பாதுகாப்பு விதி ஏதாவது உடையுதான்னு பாத்துட்டு அப்புறம் விடறது. அடுத்த வருஷம் வந்த சிட்டிரிசால்வர் இன்னும் ஒரு படி போச்சு, மோதல் இருந்தா பல தீர்வுகளை உருவாக்கி, ஒவ்வொன்னுலயும் எந்த தேவை எவ்வளவு நிறைவேறும் எது எவ்வளவு அடிபடும்னு பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டும்.

இதுக்கு நகரத்தோட விதிகளை மெஷினுக்கு புரியற மாதிரி எழுதணும். ஸ்கூல் பக்கம் சத்தம் அதிகமா இருக்கக்கூடாதுன்னு சொன்னா மெஷினுக்கு ஒன்னும் புரியாது. எந்த இடம், எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும், எவ்வளவு அளவு, தாண்டினா எத்தனை நிமிஷத்துக்குள்ள இறங்கணும்னு எழுதணும். இப்படி எழுதறதுக்குன்னே சிக்னல் டெம்போரல் லாஜிக்னு ஒரு கணித மொழி இருக்கு, 2004-ல ஓடெட் மாலரும் டேயான் நிச்கோவிச்சும் கொண்டு வந்தது. சிக்னல்னா இங்க ரோட்டு சிக்னல் கிடையாது, நேரத்தோட மாறிக்கிட்டே இருக்கற எந்த அளவையும் குறிக்கும், வெப்பம், சத்தம், தண்ணி மட்டம் எதுவானாலும். பின்னாடி வந்த வேலைகள்ல இது விதி உடைஞ்சுதா இல்லையாங்கறதோட நிக்காம, எவ்வளவு தூரத்துல தப்பிச்சோம், எவ்வளவு ஆழமா உடைச்சோம்னும் ஒரு எண்ணா சொல்லும். ரெண்டு தீர்வுல எது பரவாயில்லைன்னு ஒப்பிட அந்த எண்தான் உதவுது.

ஆனா சிமுலேஷன் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது மாடல்தான். மாடல்ல இல்லாத விஷயம் நடந்தா அது எதையும் சொல்லாது. 2023-ல சான் பிரான்சிஸ்கோவுல டிரைவர் இல்லாத டாக்சிகள் ஃபயர் என்ஜின்களுக்கு குறுக்க நின்னுடுதுன்னு தீயணைப்புத் துறை வெளிப்படையா புகார் சொல்லுச்சு. குழப்பமான நேரத்துல ஒரு கார் இருக்கற இடத்துலயே நின்னுடறது அதுக்கு பாதுகாப்பான நிலை, ஆனா அதே இடம் தீயணைப்பு வண்டிக்கு வழி. ஒருத்தரோட பாதுகாப்பான நிலை இன்னொருத்தருக்கு தடையா மாறலாம்ங்கறதை எந்த சர்வீஸும் தன்னைப் பத்தி மட்டும் யோசிச்சா கண்டுபிடிக்க முடியாது.

கடைசில வர்றது யார் முடிவு பண்றதுங்கற கேள்வி. பஸ்ஸுல இருக்கற அறுபது பேரோட அஞ்சு நிமிஷமா, ஸ்கூல் பசங்க சுவாசிக்கற காத்தா? இதுக்கு சரியான விடைன்னு எந்த அல்காரிதத்துக்குள்ளயும் எதுவும் ஒளிஞ்சு கிடக்கலை. அது அந்த ஊர் மக்கள் எடுக்க வேண்டிய முடிவு, எடுத்தப்புறம் மெஷின் அதை வேகமா ஒழுங்கா நிறைவேத்தும், அவ்வளவுதான். நான் பயப்படறது என்னன்னா, யாரும் முடிவு பண்ணாம விட்டா முடிவு இல்லாம போயிடறதில்ல, கடைசியா வந்த உத்தரவு ஜெயிக்கும், இல்ல எந்த கம்பெனியோட சாஃப்ட்வேர் அடிக்கடி கேக்குதோ அது ஜெயிக்கும். அதனால வரிசை எல்லாரும் படிக்கற இடத்துல இருக்கணும், ஒவ்வொரு மோதல்லயும் யார் கேட்டாங்க, யாருக்கு கிடைச்சுது, எந்த விதிப்படின்னு பதிவு இருக்கணும், அந்த பதிவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து படிச்சு எந்த தெருக்காரங்க எப்பவும் தோக்கறாங்கன்னு பாக்கணும். நகரம் ஒரு புது சர்வீஸ் வாங்கறப்ப ஒப்பந்தத்துலயே, நீ எந்தெந்த கருவியை தொடுவ, அதனால சத்தம், நெரிசல், தண்ணி, காத்து எதுல என்ன மாறும், உன் கோரிக்கையை மறுத்தா என்ன செய்வன்னு எழுத்துல கேட்டு வாங்கணும். இதை சொல்ல முடியாத கம்பெனிக்கு அவங்க சர்வீஸே முழுசா புரியலைன்னு அர்த்தம்.

இப்போ கஷ்டம் இன்னும் ஒரு சுத்து கூடியிருக்கு. முன்னாடி சர்வீஸோட விதி மனுஷங்க எழுதினது, மாறாம இருக்கும். இப்போ வர்றது தரவுல இருந்து தானா கத்துக்கற சர்வீஸ்கள், போன மாசம் டெஸ்ட் பண்ணப்ப நடந்துக்கிட்ட மாதிரி இந்த மாசம் நடந்துக்கும்னு உறுதி கிடையாது, ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு புது சர்வீஸ் வந்த மாதிரிதான். அதுக்கு நடைமுறையில இருக்கற நல்ல வழி, அப்டேட் ஆன சர்வீஸை முதல் சில வாரம் நிழல் மாதிரி ஓட விடறது. நிஜ சென்சார் தரவு அதுக்கு போகும், அது கோரிக்கையும் வைக்கும், ஆனா அந்த கோரிக்கை பதிவுல மட்டும்தான் ஏறும், கருவி வரைக்கும் போகாது, நிஜ வேலையை பழைய வெர்ஷன் பாத்துக்கும். மத்த சர்வீஸ்களோட எங்கெங்க மோதியிருக்கும், அதுல எத்தனை மோதலுக்கு வரிசையில விடை இருக்கு, எத்தனைக்கு இல்லைன்னு அந்த பதிவுல எண்ணிப் பாத்து, விடை இல்லாததுக்கெல்லாம் விதி எழுதின அப்புறம் புது வெர்ஷனை கன்ட்ரோலரோட இணைக்கலாம்.